பேஸ்மட்டம் போடுற ரெண்டு நாள்

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு அடுப்படி வழியாக நேரே கொல்லைக்கு வந்துவிடுங்கள். மணி ஆறரை. கொத்தனார் அண்ணாச்சி இப்போதுதான் சைக்கிளை வேலியோரம் சாத்தினார். கைப்பிடியில் தொங்குகிற மஞ்சள் பைக்குள் என்னென்ன இருக்கிறதென்று எனக்கு உடனே தெரிந்தாக வேண்டும்! நூல்கண்டு, தூக்குக்குண்டு, கரணை, மூலைமட்டம், ஓரம் தேய்ந்த ரசமட்டம். எல்லாவற்றுக்கும் அடியில், சாரைப்பாம்பு மாதிரிச் சுருண்டு கிடக்கிறது நாற்பதடி கண்ணாடி ட்யூப். அதைப் பார்த்ததுமே எனக்குக் கை பரபரக்கிறது.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பின்னால் பத்தடிக்கு எட்டடியில் ஒரு தகர ஷெட் வரப்போகிறது. மம்பட்டி, ஏணி, ரெண்டு சைக்கிள், அத்தையின் பித்தளை அண்டா, உரித்துக் குவித்த தேங்காய் எல்லாம் அதற்குள் குடியேறும். ஷெட் வெல்டிங் பட்டறையில் தயாராகிக்கொண்டிருக்கிறது. நாளை மறுநாள் வந்துவிடும். வந்த பிறகு எல்லோரும் ஷெட்டைத்தான் பார்ப்பார்கள். அதன் கீழே கிடக்கிற பேஸ்மட்டத்தை யாரும் பார்க்க வழியே இல்லை, மூடிப் போய்விடும். திறந்து கிடக்கிற இந்த ரெண்டு நாளையும் நீங்கள் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

எங்கள் அப்பா வீட்டில் இருந்த பழைய ஷெட்டை, தரையில் நாலு மூலையிலும் நாலு செங்கல் வைத்து அதன்மேல் தூக்கி உட்கார வைத்திருந்தார்கள். முதல் மழையில் ஒரு மூலை ஏறியது, இன்னொரு மூலை இறங்கியது. கதவு சட்டத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு தீபாவளி முழுக்க வெடிக்கட்டு உள்ளேயே இருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. கரிசலின் மேல் எதையும் சும்மா வைக்கக் கூடாது என்பதை அன்றைக்கே படித்துவிட்டேன்.

இடத்தை ஐப்பசியிலேயே பிடித்தாயிற்று. அடைமழையில் குடையோடு நின்று, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று போனில் படம் எடுத்து வைத்தேன். வேப்பமரத்தடி வேண்டாம், வேர் வந்து தூக்கும். செப்டிக் டேங்க் பக்கம் கூடவே கூடாது. காம்பவுண்டுச் சுவரை ஒட்டியும் வேண்டாம். ரெண்டடி விட்டால்தான் விளக்குமாறு போகும், பின்தகரத்துக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் நுழைய முடியும். வேலையை மாசிக்குத் தள்ளி வைத்தது அண்ணாச்சி. "சித்திரையில தோண்டுனா பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். ஐப்பசியில தோண்டுனா மம்பட்டியே வெளிய வராது. மாசிதான் தாயி பக்குவம்."

முதலில் நூல். ஷெட் பத்துக்கு எட்டு என்றால் பேஸ்மட்டம் பன்னிரண்டுக்குப் பத்து; சுற்றிலும் ஓரடி வெளியே நீண்டிருக்க வேண்டும். கூரையிலிருந்து விழும் மழை ஜல்லிக்கல் மேல் விழுந்து அடங்கும், மண்ணைக் கிளறித் தகரத்தின் மேல் தெறிக்காது. நாலு முளைக்குச்சி அடித்து நூலைக் கட்டியாகிவிட்டது. மூலை சரியாக இருக்கிறதா? இங்கேதான் முதல் வேடிக்கை! அண்ணாச்சி ஒரு மூலையிலிருந்து ஒரு நூலில் ஆறடிக்கு முடிச்சுப் போடுகிறார், அடுத்த நூலில் எட்டடிக்கு. ரெண்டு முடிச்சுக்கும் நடுவே டேப்பைப் பிடித்தால் சரியாகப் பத்தடி வர வேண்டும். ஒன்பதே முக்கால் காட்டுகிறது. குச்சியைப் பிடுங்கி, கொஞ்சம் தள்ளி, மறுபடி அடிக்கிறார். பத்து! எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டிவிட்டேன்.

இதே கயிற்றுக் கணக்கை யாகமேடை கட்டுகிறவர்களுக்காக, கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முன்பே பௌதாயனரின் சுல்ப சூத்திரம் சொல்லி வைத்திருக்கிறது. சுல்பம் என்றாலே கயிறு என்றுதான் பொருள். அங்கேயும் வேலை தரையில் ஒரு மேடைக்கு மூலை பிடிப்பதுதான்! அண்ணாச்சியிடம் சொன்னேன். "எங்க தாத்தாவும் இதத்தான் செஞ்சாரு" என்றார், குச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதோடு விடவில்லை. ரெண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தாக வேண்டும். பன்னிரண்டுக்குப் பத்து என்றால் குறுக்கே 15 அடி ஏழரை அங்குலம், அதில் அரை நூல் குறைவு. நூல் என்றால் கட்டுகிற நூல் இல்லை. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் கொத்தனார் வாயில் பெயர் நூல். அரை நூல் என்றால் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு! தேங்காய் போட்டுவைக்கிற ஷெட்டுக்கு இவ்வளவு நுணுக்கமா என்று கேட்டேன். தகரம் வெட்டி வருகிறபோது சதுரமாகத்தான் வரும், தரை கோணலாக இருந்தால் எங்கே மறைப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். கோலப்பொடியை எடுத்து வந்து நூலடியில் கோடு இழுத்தது நான். மார்கழியில் போட்ட எந்தக் கோலமும் எனக்கு இவ்வளவு நேராக வந்ததில்லை.

இப்போது ட்யூப்! வாங்க, இந்த முனையை நீங்கள் பிடியுங்கள்.

வாளியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி ட்யூபுக்குள் ஏற்ற வேண்டும். உள்ளே ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. இருந்தால் அளவு பொய்யாகிவிடும். குமிழியைத் தேடிக்கொண்டே நாற்பதடியையும் விரலால் தட்டித் தட்டி நடக்க வேண்டும். அந்த வேலையை நான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பிறகு ஒரு முனையை மேட்டு மூலைக் குச்சியோடு சேர்த்துப் பிடிக்கிறார் அண்ணாச்சி. மறுமுனை பள்ளத்து மூலையில் என் கையில். "கட்டவிரல எடு தாயி." எடுத்தேன். ரெண்டு பக்கமும் வாய் திறந்திருந்தால்தான் தண்ணீர் நிஜமான இடத்துக்கு வரும். குபுக்கென்று ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி, மெல்ல மெல்ல நின்றது. நின்ற இடத்தில் ரெண்டு பேரும் பென்சிலால் கோடு. அவ்வளவுதான். நடுவில் வேப்பமரம் இருந்தாலும், சுவர் இருந்தாலும், ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாவிட்டாலும் அந்த ரெண்டு கோடும் ஒரே உயரம்! பேட்டரி இல்லை, லேசர் இல்லை. அரை வாளித் தண்ணீர் மட்டும்.

ஒரு நுட்பமும் கற்றுக்கொண்டேன். ட்யூபின் ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் வெகுநேரம் கிடக்க விடக் கூடாது. சூடான தண்ணீர் லேசாகிவிடும், அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஏறி நிற்கும். ஏழு மணிக்கே இந்த வேலையை முடித்துவிடுகிற ரகசியம் அதுதான்.

பைக்குள் கிடக்கிற ரசமட்டத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லியே ஆக வேண்டும். குமிழியை வைத்து மட்டம் பார்க்கிற அந்தக் கருவியை 1661 வாக்கில் கண்டுபிடித்தவர் மெல்கிசெதெக் தெவெனோ என்ற பிரெஞ்சுக்காரர். அவர் நீச்சலைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார். இறந்த பிறகு 1696இல் அது வெளிவந்தது. மட்டம் பார்க்கக் கருவி செய்தவர் நீச்சல் சொல்லிக்கொடுத்தவராகவும் இருந்திருக்கிறார்! இதைப் படித்த அன்று நான் வீட்டில் ஒவ்வொருவரையும் பிடித்து வைத்துச் சொன்னேன். எனக்கு இன்னும் சந்தோஷம் தீரவில்லை.

ட்யூப் சொன்ன தீர்ப்பு: மேட்டு மூலைக்கும் பள்ளத்து மூலைக்கும் ஐந்து அங்குலம் வித்தியாசம். கண்ணுக்குத் தரை சமமாகத்தான் தெரிகிறது. ஐந்து அங்குலம்!

பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மேட்டோடு சமமாக்கிவிட்டால் என்ன என்று பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு மேலே எட்டிக் கேட்டார். நல்ல கேள்வி. பலரும் செய்வது அதைத்தான். ஆனால் கொட்டிய மண் கொட்டிய பக்கமே அமுங்கும். மேட்டுப் பக்கம் பழைய தரை அசையாது. ஆறு மாதத்தில் ஷெட் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். ஆகவே தோண்டுவதுதான். பள்ளத்தில் ஆறு அங்குலம், மேட்டில் பதினொன்று. அடி முழுக்க ஒரே மட்டம். அதன்மேல் எல்லா இடத்திலும் சரியாக ஓரடி கனத்துக்கு நல்ல சாமான் நிரம்பும்: எட்டு அங்குலம் சரள், அதற்கு மேல் நாலு அங்குலம் ஜல்லி. முடியும்போது பேஸ்மட்டம் மேட்டுப் பக்கத் தரைக்கு ஓர் அங்குலம் மேலேயும், பள்ளத்துப் பக்கத் தரைக்கு ஆறு அங்குலம் மேலேயும் நிற்கும்.

தோண்டி எடுத்த கரிசலைக் கையில் அள்ளிப் பாருங்கள். மேலே பொடி, அடியில் வெண்ணெய். மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் இதில் நிறைய. அதன் தாள் தாளான அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து ஒவ்வொரு தாளையும் விலக்கும். அதனால்தான் மழைக்கு வீங்கி, வெயிலுக்குச் சுருங்கி, கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கிறது. பருத்தியும் கம்பும் உளுந்தும் கொடுக்கிற மண், கட்டடத்தை மட்டும் நிம்மதியாக விடாது. இந்த மண்ணோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியவர் ஐ.ஐ.டி. பம்பாயில் இருந்த பேராசிரியர் ஆர்.கே.கட்டி. ஒட்டும் தன்மையுள்ள, ஆனால் வீங்காத மண்ணைக் கரிசலின் மேல் கனமான அடுக்காகப் பரப்பினால், அடியில் இருக்கிற வீக்கம் அடங்குகிறது என்று 1970களில் அவர் காட்டினார். கால்வாய்களுக்கெல்லாம் அந்த முறை போயிருக்கிறது. எங்கள் ஊர்ச் சரள் மண் அந்த வேலைக்கு நெருங்கிய சொந்தம். எங்களுடைய எட்டு அங்குலச் சரளால் கரிசல் முழுசாக அடங்கிவிடாது, அதற்கு இன்னும் எவ்வளவோ கனம் வேண்டும். ஆனால் தகர ஷெட் லேசான ஜீவன். நாலு மூலையும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கினால் அதற்குப் போதும்.

இன்னொரு ஆபத்தையும் அண்ணாச்சிதான் சொன்னார். எனக்கு இதுதான் ரெண்டு நாளிலும் கிடைத்த தங்கம். கரிசலில் குழி தோண்டி நேராக ஜல்லியைக் கொட்டினால் என்ன ஆகும்? களிமண் தண்ணீரை வடிய விடாது. மழைத் தண்ணீர் ஜல்லி வழியாக இறங்கி, அடியில் தொட்டி மாதிரித் தேங்கும். நாமே ஒரு தொட்டி கட்டி அதன்மேல் ஷெட்டை வைத்த கதையாகிவிடும்! ஆகவே அடியில் இறுகிய சரள், அதன் மேல்தளம் பள்ளத்துப் பக்கமாக ஓர் அங்குலம் சாய்வு, அதற்கு மேலேதான் ஜல்லி. இறங்குகிற தண்ணீர் சரளின் முதுகில் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும்.

ட்ராக்டர் வந்துவிட்டது! ஒரு யூனிட் சரள், அரை யூனிட் ஜல்லி. யூனிட் என்றால் நூறு கன அடி. பன்னிரண்டு, பத்து, எட்டு அங்குலம் என்று பெருக்கினால் சரள் எண்பது கன அடிதான் வருகிறது. அடித்து இறுக்கினால் ஐந்தில் ஒரு பங்கு போல அமுங்கும், அதற்காக நூறு. ஜல்லியும் அப்படியே, நாற்பதுக்கு ஐம்பது. இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கினால் கடைசியில் பத்து சட்டி குறையும், அந்தப் பத்து சட்டிக்கு ஒரு தனி வண்டி வாடகை.

கொட்டுவதற்கு முன்னால் ரெண்டு வேலை. பள்ளத்துப் பக்கம் பழைய சாலிட் பிளாக் கல்லைப் படுக்கை வசத்தில் ரெண்டு வரிசை. கல் நீளம் பதினாறு அங்குலம். பன்னிரண்டடிக்குச் சரியாக ஒன்பது கல். உயரம் ஆறு அங்குலம். ரெண்டு வரிசைக்குச் சரியாக ஓரடி. ஒரு கல்லைக்கூட வெட்ட வேண்டியிருக்கவில்லை, கீழ்வரிசை பல்வரிசை மாதிரிப் போய் உட்கார்ந்தது! மேல்வரிசையில் மட்டும் கல்லுக்குக் கல் விரல் நுழைகிற சந்து. தண்ணீர் வெளியேறுகிற வாசல் அது. பக்கவாட்டில் மேடு ஏற ஏறக் கல்லின் தேவை குறைந்துகொண்டே வருகிறது.

அடுத்தது ஆடிக்காற்று. எங்கள் ஊரில் ஆடி பிறந்தால் தகரம் பறக்கும், தகரத்தோடு ஷெட்டும் கிளம்பும். நாலு மூலையிலும் ஓரடிக்கு ஓரடி, ஒன்றரையடி ஆழத்துக்குக் குழி. பன்னிரண்டு எம்.எம். கம்பியை மூன்றடிக்கு வெட்டி, மேல்முனையை வளையமாக வளைத்து, குழிக்குள் நிறுத்திக் கான்கிரீட் போடுகிறார்கள். இந்த வேலை முழுவதிலும் சிமென்ட் பார்ப்பது இங்கே மட்டும்தான், அதுவும் ஒரே மூட்டை. ஒவ்வொரு குழியும் நூறு கிலோவுக்குக் குறையாமல் கனக்கும். நானூறு கிலோவைத் தரைக்குள் நட்டு, அதில் சங்கிலியால் ஷெட்டைக் கட்டப்போகிறோம். சங்கிலிக்குக் கொஞ்சம் தொய்வும் உண்டு, கரிசல் மூச்சு விடுகிறபோது இழுக்காமல் இருக்க. ரொம்ப அழகான யோசனை, இல்லையா?

இனி, தரையை அடித்து இறுக்குகிற திமிசு. இந்தச் சத்தத்துக்காகத்தான் நான் நேற்றிரவெல்லாம் தூங்கவில்லை.

சும்மாட்டில் பாண்டுச் சட்டியை ஏற்றிக்கொண்டு ரெண்டு அக்காக்கள் சரளைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, அண்ணாச்சி ஐந்து அங்குலக் கனத்துக்குப் பரப்புகிறார். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டி மேலே அடித்தால், மேல்தோல் இறுகும், உள்ளே பஞ்சு மாதிரியே கிடக்கும். ஐந்து அங்குலம் நாலாகிற வரைக்கும் ஓர் அடுக்கு, பிறகு அடுத்தது. பூவாளியில் தண்ணீர் தெளிக்கிறார்கள். எவ்வளவு தெளிப்பது? மூத்த அக்கா ஒரு பிடி சரளை எடுத்து உள்ளங்கையில் இறுக்கினார். உருண்டை நின்றது. கீழே போட்டார். ரெண்டாக உடைந்தது. கையை விரித்துக் காட்டினார், ஈரம் இல்லை. "சரியாருக்கு, அடிங்க." உதிர்ந்து போனால் தண்ணீர் போதாது, பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் அதிகம்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஒரு பிடி மண்ணுக்குள் ஒரு பெரிய பாடம் இருக்கிறது! அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் குடிநீர் அணைகளுக்காக மண் கரை கட்டிக்கொண்டிருந்த ரால்ஃப் ப்ராக்டர் என்ற பொறியாளர் 1933இல் இதைத்தான் எழுதி வெளியிட்டார். ஒவ்வொரு மண்ணுக்கும் ஓர் ஈரப்பதம் உண்டு. அந்த ஈரத்தில் அடித்தால்தான் அதிகபட்சமாக இறுகும். தண்ணீர் குறைந்தால் மணிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நெருங்காது. கூடினால் இடைவெளியெல்லாம் தண்ணீரே உட்கார்ந்துகொள்ளும், தண்ணீரை அமுக்க யாராலும் முடியாது. உலகம் முழுக்கச் சாலை போடுகிறவர்களும் அணை கட்டுகிறவர்களும் இன்றைக்கும் செய்கிற சோதனைக்கு ப்ராக்டர் சோதனை என்றுதான் பெயர். அந்த அக்கா அதை ஒரு கையால், மூன்று நொடியில் செய்தார். எத்தனை வருஷமாக இந்த வேலை என்று கேட்டேன். "மூத்தவ பொறந்த வருஷத்துலருந்து" என்றார். மூத்தவளுக்கே இப்போது ரெண்டு பிள்ளைகள்.

தொம். தொம். தொம். ரெண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவர் தூக்கும்போது மற்றவர் இறக்கி, அடித்த இடத்தின் பாதிமேல் அடுத்த அடி விழும்படி நகர்ந்து நகர்ந்து போகிறார்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள், சத்தம் மாறுகிறது! முதலில் தலையணையில் குத்துகிற மாதிரி ஒரு சத்தம். மூன்றாவது சுற்றில் கெட்டியாகிறது. ஐந்தாவது சுற்றில் திமிசு துள்ளுகிறது, டங்கென்று ஒரு பதில் வருகிறது. அண்ணாச்சி குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். தடம் விழவில்லை. வாடகைக்கு மெஷின் கிடைக்கும். பெரிய இடமாக இருந்தால் அதை எடுப்பதுதான் சரி. நூற்றிருபது சதுர அடிக்குத் திமிசே போதும். எனக்கு ஒரு சுற்று அடிக்கக் கொடுத்தார்கள். தோள்பட்டை இன்றைக்கும் வலிக்கிறது, அவ்வளவு ஆனந்தம்!

சாயங்காலம் சாய்வு பார்த்து முதல்நாள் முடிந்தது. அன்றிரவு டார்ச் எடுத்துக்கொண்டு ரெண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ரெண்டாம் நாள் காலையில் அத்தை கையில் ஒரு கட்டுச் சாக்கு. உரச்சாக்கு! உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பையை உருவிப் போட்டுவிட்டு, தையலைப் பிரித்து விரித்தால் நெய்த பாலிப்ரோப்பிலீன் துணி. சாலை வேலையில் மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே விரிக்கிற நெய்த ஜியோடெக்ஸ்டைல் பலவும் இதே பாலிப்ரோப்பிலீனில் நெய்ததுதான். ஒவ்வொரு சாக்கிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கசிந்து இறங்கினால் சரி, தேங்கி நின்றால் அது மேலே பூச்சுப் பூசிய சாக்கு, வேண்டாம். ஓரடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, பள்ளத்துப் பக்கம் பிளாக் கல்லின் உள்முகத்தில் மடித்து ஏற்றியாயிற்று. தண்ணீர் சந்து வழியாகப் போகும், கல் போகாது. ஜல்லியும் சரளுக்குள் புதையாது. வெயில் பட்டால் இந்தச் சாக்கு நைந்துவிடும், மண்ணுக்குள் மூடிக் கிடந்தால் அந்தக் கவலை இல்லை. இதற்கு ஆன செலவு எங்கள் வீட்டில் பூஜ்யம்.

பத்து மணி டீயோடு கடலைமிட்டாய். கோவில்பட்டியில் வேறென்ன கொடுப்பது! 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய். அண்ணாச்சி அதைக் கடிக்காமல் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதேதான் தாயி அடுத்த வேல" என்றார். புரிந்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முக்கால் ஜல்லிதான் கடலை, கிரஷர் தூள்தான் பாகு! வெறும் ஜல்லியைப் பரப்பினால் காலடியில் உருளும். வெறும் தூளைப் பரப்பினால் மழைக்குக் கரைந்து ஓடும். ரெண்டையும் கலந்து, ஈரம் காட்டி அடித்தால், கல்லின் கூர்முனைகள் ஒன்றையொன்று கவ்வ, நடுவில் இருக்கிற பொந்தையெல்லாம் தூள் அடைத்து, ஒரே பாளமாகிவிடும். ஆற்றுக் கூழாங்கல் அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். உருண்டைக்கு உருண்டை எதைப் பிடித்துக்கொள்ளும்? தூளையும் அளவோடுதான் போட வேண்டும், மிஞ்சினால் தண்ணீர் இறங்காது.

மட்டம் பிடிக்கிற காட்சியைத்தான் நீங்கள் படம் எடுக்க வேண்டும். ரெண்டு ஜி.ஐ. பைப்பை ஆறடி இடைவெளியில் தண்டவாளம் மாதிரிப் படுக்க வைத்து, ட்யூபால் நாலு முனையும் மட்டம் பார்த்து, நடுவே கலவையைக் கொட்டி, அந்தப் பைப்புகளின் மேல் மட்டப்பலகையை வைத்து ரெண்டு பேர் முன்னும் பின்னும் அறுப்பது மாதிரி இழுத்துக்கொண்டு பின்வாங்குகிறார்கள். மேடு உருண்டு பள்ளத்தில் விழுகிறது. பலகை கடந்துபோன இடம் தோசைக்கல் மாதிரி! பைப்பை உருவி, அந்தத் தடத்தை நிரப்பி, திமிசு போட்டு, அமுங்கின இடத்தில் கொஞ்சம் தூவி, மறுபடி இழுத்து, மறுபடி அடித்து. மத்தியானம் ரெண்டு மணிக்கு அண்ணாச்சி பலகையின் மேல் ரசமட்டத்தை வைத்துவிட்டு நகர்ந்தார். நாங்கள் எல்லோரும் குனிந்தோம். குமிழி ரெண்டு கோட்டுக்கும் நடுவில் அப்படியே நிற்கிறது. பலகையைக் குறுக்கே திருப்பினார். நிற்கிறது. மூலைக்கு மூலை வைத்தார். ஒரு நூல் அசைவு. "ஒரு நூல் இருக்கட்டும்" என்றார். எனக்கும் அது போதும்.

கான்கிரீட்டே போட்டிருக்கலாமே என்று மாமா மறுபடி எட்டிப் பார்த்தார். போடலாம்தான். நாலு அங்குலக் கனத்துக்கு நாற்பது கன அடி, ஒன்றுக்கு ரெண்டுக்கு நாலு கலவையில் ஏழு மூட்டை சிமென்ட் ஆகும். மணல் தனி, கூலி தனி, ஒரு வாரமாவது தண்ணீர் கட்டி நனைக்க வேண்டும். கரிசல் என்பதால் அப்போதும் அடியில் சரள் போட்டே ஆக வேண்டும், அந்தச் செலவு மிச்சமாகாது. மோட்டார் சைக்கிளை ஏற்றி இறக்குவதாக இருந்தாலோ, நெல் மூட்டையை ஆளுயரம் அடுக்குவதாக இருந்தாலோ நானே கான்கிரீட் போடத்தான் சொல்வேன். தேங்காய்க்கும் மம்பட்டிக்கும் கல்மேடை தாராளம். தவிர, ரெண்டு மழைக்காலம் போய் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கினால், கடப்பாரையால் நெம்பி ஒரு சட்டி ஜல்லியைத் தள்ளிச் சரிசெய்துவிடலாம். வெடித்த கான்கிரீட்டை அப்படி எதுவும் செய்ய முடியாது.

மேட்டுப் பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் கீறி, மேலிருந்து ஓடி வருகிற தண்ணீரை வேப்பமரத்துப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பத்து நிமிட வேலை. இதை விட்டிருந்தால் மற்றதெல்லாம் வீண்.

கடைசியாக மூன்று பனங்கட்டைகள். வைரம் பாய்ந்த பழைய பனை. ஒரு பழைய வீட்டுக் கூரையிலிருந்து பிரித்தது. பனைக்கு வெளிப்பக்கம்தான் உறுதி, உள்ளே சோறு. ஆகவே சோற்றைச் செதுக்கி எடுத்த கட்டையாகப் பார்த்து வாங்க வேண்டும். கறுப்பு நாரோடி, தூக்கவே ரெண்டு ஆள் கனம். பத்தடி நீளக் கட்டைகளைக் கல்மேடையின் மேல் இணையாகப் படுக்க வைத்தார்கள். ஷெட்டின் தரை இவற்றின் மேல் உட்காரும், அடியில் காற்று ஓடும். கரையான் ஏறினாலும் மண்கூடு வெளியே தெரியும், அத்தை பார்த்துவிடுவார்.

மூன்றாம் நாள் காலை, ஆறு பேர் தோளில் ஷெட் வந்தது. தெருவே கூடிவிட்டது. "ஏ பாத்து, பாத்து, சங்கிலி!" என்று சத்தம். பனங்கட்டையின் மேல் மெல்ல இறக்கினார்கள். நாலு காலும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தது. ஒரு மூலைகூட ஆடவில்லை. எல்லோரும் நீல பெயிண்டைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். நானும் அண்ணாச்சியும் கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அதைப் பாதி திறந்துவிட்டுக் கையை எடுத்தார். கதவு தானாக மூடவும் இல்லை, தானாகத் திறக்கவும் இல்லை. விட்ட இடத்திலேயே நின்றது. முக்கால் திறந்தார், அங்கேயும் நின்றது. "ஆச்சு தாயி" என்றார்.

பிறகு ட்யூபைச் சுருட்ட ஆரம்பித்தார். ரெண்டு நாளும் மட்டம் சொன்ன தண்ணீர் இன்னும் உள்ளேயே இருந்தது. ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறுமுனையை உயரத் தூக்கிப் பிடித்தார். நான் அதைக் கறிவேப்பிலைச் செடியின் தூரில் விட்டேன்.